மீட்கப்பட்ட கற்கள், பெயர்க்கப்பட்ட மனிதர்கள்: ‘உலகப் பாரம்பரியம்’ என்ற சொல்லாடலை நூபியாவிலிருந்து வாசித்தல்

‘மனிதகுலம் முழுமைக்குமான பாரம்பரியம்’ என்ற சொற்சேர்க்கை நமக்கு ரொம்பவே பழகிப்போய்விட்டது. சுற்றுலாத்துறைக் கையேட்டிலிருந்து பல்கலைக்கழகக் கருத்தரங்குவரை புழங்குகிறது. 1954ஆம் வருட ஹேக் உடன்படிக்கையிலேயே இப்படியான பேச்சு உண்டு. ஆனால் அது போருக்கானது. எதிரியின் குண்டிலிருந்து கோயிலையும் நூலகத்தையும் காப்பாற்றுவது பற்றியது. ஓர் அரசு அமைதிக்காலத்தில், தன் மண்ணில், தன் மக்கள் பெயரால் தீட்டும் ‘வளர்ச்சி’த் திட்டத்தால் அழியப்போவதை யார் காப்பது? எதைக் காப்பது? இந்தக் கேள்விக்கு முதன்முதலாகப் பெரிய அளவில் பதில் சொல்லப்பட்ட இடம் நைல் நதிக்கரையிலுள்ள நூபியா. அந்தப் பதிலில் எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்பதுதான் என் அக்கறை. ஏனென்றால் அன்றைக்கு விடப்பட்டது பிறகு வந்த பிரகடனங்களிலும் விடப்பட்டுக்கொண்டேதான் வருகிறது.

இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம்.

முதலாவது 1959 நவம்பர் 8இல் எகிப்தும் சூடானும் செய்துகொண்ட நைல் நீர் ஒப்பந்தம். ஆண்டுக்கு எகிப்துக்கு 5,550 கோடி கனமீட்டர், சூடானுக்கு 1,850 கோடி கனமீட்டர் என்று ஆற்றைப் பங்கு போடுகிற பிரதி இது. அஸ்வானில் கட்டப்படும் உயர் அணையால் சூடான் பகுதியில் மூழ்கும் உடைமைகளுக்கு எகிப்து 1.5 கோடி எகிப்தியப் பவுண்டு கொடுக்கும்; 1963 ஜூலைக்கு முன்னால் ஹல்ஃபா மக்களையும் மூழ்கும் பகுதியின் பிற குடிகளையும் சூடான் அப்புறப்படுத்திவிடும். அவ்வளவுதான். மனிதர்கள் இங்கே ஓர் உட்பிரிவில், ஒரு தொகையோடும் ஒரு கெடு தேதியோடும் சேர்ந்து வருகிறார்கள்.

இரண்டாவது, நான்கு மாதம் கழித்து 1960 மார்ச் 8இல் பாரிசில் யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் வித்தோரினோ வெரோனெசே விடுத்த வேண்டுகோள். நூபியாவின் கோயில்களைக் காப்பாற்ற உலகமே முன்வர வேண்டும் என்கிறது. அதே நாளில் பிரெஞ்சுக் கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ பேசினார்: உலகக் கலை முழுவதையும் பிரிக்கமுடியாத ஒரே சொத்தாக உலகம் இப்போதுதான் உரிமை கோருகிறது என்ற தொனியில். (கம்போடியாவின் பான்டே ஸ்ரே கோயில் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்துவந்ததற்காக 1923இல் கைதானவர் இதே மால்ரோதான். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.)

முதல் பிரதி எண்ணிக்கையின் மொழி, இரண்டாவது மேன்மையின் மொழி. எண்ணிக்கையின் மொழிக்குள் மனிதர்கள் போனார்கள், மேன்மையின் மொழிக்குள் கற்கள் போயின. இந்த வேலைப் பிரிவினை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

கதை 1960இல் ஆரம்பிக்கவும் இல்லை. அஸ்வானில் பிரிட்டிஷ் ஆட்சி 1902இல் முதல் அணையைக் கட்டி முடித்தது. 1912இலும் 1933இலும் உயரத்தைக் கூட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் நூபியாவின் வயலும் பேரீச்சந்தோப்பும் கீழே போக, வீடுகள் கரையேறி மேட்டுக்கு நகர்ந்தன. அணையை உயர்த்தும் முன்பு தொல்லியல் ஆய்வு நடத்துவது என்ற வழக்கமும் அப்போது உருவானதுதான். 1907இல் தொடங்கிய முதல் ஆய்வுக்குத் தலைமை ஏற்ற ஜார்ஜ் ரைஸ்னர் தான் கண்ட பழங்குடிகளுக்கு ‘ஏ’ குழு, ‘பி’ குழு, ‘சி’ குழு, ‘எக்ஸ்’ குழு என்று பெயர் வைத்தார். (‘பி’ குழு என்று ஒன்று இருந்ததே இல்லை எனப் பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துவிட்டார்கள்.) வேலை அவசரத்தில் பிறந்த பெயர்கள்தாம்; கெட்ட எண்ணம் ஏதும் இருந்திருக்காது. ஆனாலும் ஒரு நிலத்தின் முன்னோர் எழுத்துகளாகிப்போனதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து வேண்டியிருக்கும்.

நிலம் போனதும் ஆண்கள் கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் போனார்கள். சமையல்காரர்களாக, வீட்டு வேலைக்காரர்களாக, வாயில்காப்போராக. எகிப்திய சினிமாவில் அரபியைத் தப்பும் தவறுமாகப் பேசிச் சிரிப்பு மூட்டும் அந்தக் கறுத்த வாயில்காப்போன் இந்த நூபியன்தான். ஊரில் மிஞ்சியவர்கள் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும். நூபிய மொழிகள் (வட்டாரத்துக்கு வட்டாரம் நோபீன், கென்சி, டோங்கொலாவி என்று பெயர் மாறும்) தங்கியது இந்தப் பெண்களின் வாயில்தான். அதாவது, காலனிய அணை ஆண்களைப் பிடுங்கிக்கொண்டாலும் மொழியின் வாழ்விடத்தை மிச்சம் வைத்திருந்தது. அதைத் தொட்டது காலனியம் ஒழிந்தபின் வந்த தேசிய அரசின் அணை. நாசரின் உயர் அணையை ஏகாதிபத்திய எதிர்ப்பின் சின்னமாக மட்டுமே வாசித்துப் பழகிய இடதுசாரி நண்பர்களுக்கு இது கசப்பாக இருக்கும். சூயஸ் தேசியமயமும் உண்மை, நூபியர்களின் வெளியேற்றமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது.

அபு சிம்பெல் கதை எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். 1964 முதல் 1968 வரை இரண்டு கோயில்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாளங்களாக அறுத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 டன். 65 மீட்டர் உயரே, 200 மீட்டர் பின்னே ஏற்றி, பழைய திசை மாறாமல் அடுக்கி, மேலே ஒரு செயற்கை மலையையும் கட்டினார்கள். சுமார் 4 கோடி டாலர் செலவு. ஐம்பது நாடுகள் காசு கொடுத்தன. பொறியியல் சாதனை, மறுப்பதற்கில்லை. கைகொடுத்த நாடுகளுக்கு எகிப்து கோயில்களையே பரிசாகக் கொடுத்தது: தெபோத் கோயில் மாட்ரிடுக்கு, தெண்டூர் நியூயார்க்குக்கு, தாஃபே லெய்டனுக்கு, எல்லெசியா தூரினுக்கு, கலாப்ஷாவின் வாயில் பெர்லினுக்கு. மாட்ரிடில் பூங்காவில் ஒரு கோயில், நியூயார்க்கில் கண்ணாடிக் கூடத்துக்குள் ஒன்று. பொதுச்சொத்து என்பதன் பொருள் நடைமுறையில் இப்படித்தான் விரிந்தது. இந்தக் கோயில்களின் நிழலில் ஆடு மேய்த்த, கலங்கிய ஆற்றைப் பார்த்து விதைப்பைக் கணித்த ஜனங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேக்கலை. கேட்கவேண்டும் என்கிற விதியே அப்போது இல்லை.

இனி மனிதர்கள். எகிப்தின் பக்கம் சுமார் 50,000 பேர், சூடானின் பக்கமும் ஏறத்தாழ அதே அளவு. எகிப்திய நூபியர்களை 1963 அக்டோபர் முதல் 1964 ஜூன் வரைக்கும் அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போவில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊர்களுக்குப் பழைய பெயர்களையே சூட்டினார்கள்: பல்லானா, தோஷ்கா, கலாப்ஷா. பெயர் இருந்தது, ஆறு இல்லை. பழைய நூபிய வீடு பெரிய முற்றத்தோடு, ஆற்றைப் பார்த்த வாசலோடு, சுவரில் பெண்கள் பதித்த பீங்கான் தட்டுகளோடும் வரைந்த சித்திரங்களோடும் இருக்கும். புதிய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை. ஒதுக்கீடு தலைக்கணக்குப்படி: சிறிய குடும்பத்துக்கு ஒரு வரிசை, பெரிய குடும்பத்துக்கு வேறொரு வரிசை. நிர்வாகத்துக்கு இது சுலபம். விளைவு? தனியாய் இருக்கும் கிழவி ஒரு கோடியில், அவள் மகன் குடும்பம் மறுகோடியில். பாட்டியிடமிருந்து பேரனுக்குப் போகும் மொழி எந்த வழியாகப் போகும்? மொழிக்கொலை என்றதும் பள்ளிக்கூடப் பிரம்பும் தடைச்சட்டமும் நமக்கு நினைவில் வரும். இங்கே அது ஒரு வீட்டு வரைபடத்தின் வழியாக நடந்தது. அரபியில் மட்டுமே நடக்கும் பள்ளிகளும், அரபி பேசும் அண்டை ஊர்களும், வானொலியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. முதல் மாதங்களிலேயே குழந்தைகளும் முதியவர்களும் நிறையப் பேர் செத்துப்போனதை நூபியர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

சூடானில் இன்னும் மோசம். வாடி ஹல்ஃபா மக்களை நூற்றுக்கணக்கான மைல் தள்ளி அத்பரா ஆற்றங்கரைச் சமவெளியில் காஷ்ம் எல்-கிர்பாவுக்கு அனுப்புவதென்று ஜெனரல் அப்பூத்தின் ராணுவ அரசு முடிவு செய்தது. 1960 அக்டோபரில் ஹல்ஃபாவில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. அடக்கினார்கள். 1964 ஜனவரி 6இல் முதல் ரயில் கிளம்பியது. அதில் போனவர்கள் ஃபராஸ் என்ற ஊர்க்காரர்கள். இதே ஃபராசில்தான் போலந்துத் தொல்லியலாளர் கசிமியெர்ஸ் மிகவோவ்ஸ்கியின் குழு, மணலுக்கடியில் புதைந்துகிடந்த இடைக்காலப் பேராலயத்தைக் கண்டெடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட சுவரோவியங்களைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தது. ஓவியங்கள் வார்சாவுக்கும் கார்ட்டூமுக்கும் போயின, ஊர் ஜனம் காஷ்ம் எல்-கிர்பாவுக்கு. இரண்டுமே பெயர்த்தெடுத்தல்தான். ஒன்றுக்கு உலகெங்கிலுமிருந்து நிபுணர்கள் வந்தார்கள். மற்றதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மாவட்ட ஆணையர்.

அந்த மாவட்ட ஆணையர் ஹசன் தஃபல்லா. 1975இல் வெளியான அவரது ‘நூபிய வெளியேற்றம்’ அதிகாரி எழுதிய நூல் என்பதால் ஒதுக்கிவிடக் கூடாதது. வீடுகளையும் மரங்களையும் எண்ணுவது அவர் வேலை. ஆனால் நூபியாவில் ஒரு பேரீச்ச மரம் ஓர் ஆளுக்குச் சொந்தமாக இருப்பதில்லை. நிலம் ஒருத்தருடையது, கன்று நட்டவர் வேறு, தண்ணீர் ஊற்றியவர் வேறு. வாரிசு வழியாகப் பங்கு உடைந்து உடைந்து ஒரே மரத்தில் பலருக்கு உரிமை இருக்கும். இழப்பீட்டுப் படிவத்திலோ ஒரு பெயருக்குத்தான் கட்டம். இன்னொரு காட்சி: புறப்படும் முன் மக்கள் இடுகாட்டுக்குப் போகிறார்கள். நூபியக் கல்லறையின் தலைமாட்டில் செத்தவருக்காக ஒரு கலயத்தில் தண்ணீர் வைப்பது வழக்கம். கடைசியாக ஒருமுறை அதை நிரப்பிவிட்டு ரயிலேறினார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கலயங்களுக்கு மேலே அறுபது மீட்டர் தண்ணீர் நிற்கப்போகிறது என்று தெரிந்தேதான் நிரப்பினார்கள்.

புதிய இடத்தில் கிராமங்களுக்கு எண் கொடுத்தார்கள். ஆறாம் எண் கிராமம், பதினெட்டாம் எண் கிராமம். முன்னோர்க்கு எழுத்து, பின்னோர்க்கு எண். ஜனங்கள் தங்களுக்குள் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். மழையையே பார்க்காதவர்கள் இடிமின்னலோடு பெய்யும் சமவெளியில் பருத்தி போட்டார்கள். பேரீச்சை சரியாக வரவில்லை. நோபீனில் ‘அமன்’ என்றால் தண்ணீர், ஆறும் அதுதான். ஆற்றுக்குள் குடியிருக்கும் தேவதைகளுக்குப் பிறந்த குழந்தையையும் புதுமணப்பெண்ணையும் கரைக்குக் கொண்டுபோய்க் காட்டுகிற சடங்கு உண்டு. கால்வாய்க் கரையில் அதை எப்படிச் செய்வது? ‘எஸ்கலே’ என்ற ஏற்றச் சக்கரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சொல் இருந்தது. சக்கரம் போனால் சொல்லுக்கு வேலை ஏது? தோஷ்காவில் பிறந்த இசைக்கலைஞன் ஹம்ஸா அல்-தீன், அணைச் செய்தி கேட்டு வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தான். அந்தச் சக்கரத்தின் பெயரிலேயே பின்னாளில் ஓர் இசைத்தட்டு வந்தது. எந்த உலக அமைப்பும் அவனை அனுப்பவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். ‘யுனெஸ்கோ ஆளைக் காப்பாற்றுகிற அமைப்பா? கல்லையாவது காப்பாற்றியதே’ என்று. நியாயமான ஆட்சேபம். அந்த இயக்கம் இல்லாவிட்டால் கல்லும் மூழ்கியிருக்கும், மக்களும் போயிருப்பார்கள். நூபிய மக்களைப் பற்றிய ஆய்வும் நடக்காமலில்லை: 1961இலிருந்து கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெர்னியா தலைமையில் ஓர் இனவரைவியல் கணக்கெடுப்பு நடந்தது. பணம் ஃபோர்டு அறக்கட்டளையுடையது. நான் சொல்வது வேறு. காப்பாற்றப்பட வேண்டியது எது என்ற வரையறையை அந்த இயக்கம்தான் உலகத்துக்கு எழுதித் தந்தது. 1972 நவம்பர் 16இல் நிறைவேறிய உலகப் பாரம்பரிய உடன்படிக்கை பெருமளவு இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அதன்படி பண்பாட்டுப் பாரம்பரியம் என்பது நினைவுச்சின்னம், கட்டடத் தொகுதி, இடம். அபு சிம்பெல் முதல் ஃபிலே வரையான நூபிய நினைவுச்சின்னங்கள் 1979இல் பட்டியலேறின. பட்டியலுக்குப் பரிந்துரைப்பது யார்? தேசிய அரசு. பாதுகாக்கப் பொறுப்பேற்பது யார்? அதே தேசிய அரசு. மூழ்கடித்த கையே மீட்ட கையாகவும், மீட்ட கையே உடைமையாளனின் கையாகவும் மாறுகிற வித்தை இந்த ஷரத்துகளுக்குள்தான் நடக்கிறது. நூபியர்கள் என்ற மூன்றாம் தரப்புக்கு அதில் நாற்காலி கிடையாது.

சரி, மொழி எப்போது உள்ளே வந்தது? 2003ஆம் வருடத்து, தொட்டுணர முடியாத பண்பாட்டுப் பாரம்பரியத்துக்கான உடன்படிக்கையில். அங்கேயும் எப்படி வருகிறது பாருங்கள்: வாய்மொழி மரபுகளைச் சுமந்துவரும் ‘வாகனம்’ என்பதாக. பாட்டு பாரம்பரியம், சடங்கு பாரம்பரியம், மொழி மட்டும் அவற்றை ஏற்றிவரும் வண்டி. மொழியையே நேராகச் சேர்த்தால் கல்வியில், நீதிமன்றத்தில், நிர்வாகத்தில் எந்த மொழி என்ற கேள்வி பின்னாலேயே வரும். அரசுகளுக்கு அது ஆகாது. 1996இல் பார்சிலோனாவில் எழுத்தாளர் அமைப்புகளும் தன்னார்வக் குழுக்களும் கூடி மொழி உரிமைப் பிரகடனம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, அரசுகளின் மன்றமான யுனெஸ்கோ அதை முறையாக ஏற்கவில்லை. ஆனால் 1999இல் வங்கதேசத்தின் முயற்சியால் பிப்ரவரி 21ஐச் சர்வதேசத் தாய்மொழி நாளாக அறிவிக்க முடிந்தது. 1952இல் டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்டது அரசுமொழி யாருடையது என்ற கேள்விக்காக. அந்தக் கேள்வியைக் கழித்துவிட்டுத் தேதியை மட்டும் நாள்காட்டியில் சேர்ப்பது எல்லா அரசுகளுக்கும் சம்மதமாக இருந்தது. இப்போது 2022 முதல் 2032 வரை பழங்குடி மொழிகளின் பத்தாண்டு நடக்கிறது. கொண்டாட்டம் வேண்டாமென்று சொல்லவில்லை. நாள், ஆண்டு, பத்தாண்டு என்று காலம் கொடுக்கிறார்கள்; அந்த மொழிகள் கேட்பது இடம்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. நூபிய மீட்புப் பணிக்கு இந்தியாவும் ஆள் அனுப்பியது. 1962 வாக்கில் பி.பி. லால் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறைக் குழு அஃபியே, தூமாஸ் என்ற இடங்களில் அகழ்ந்தது. நூபியாவின் கறுப்பு-சிவப்புப் பானைகளுக்கும் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பானைகளுக்கும் உள்ள ஒற்றுமையை லால் சுட்டிக்காட்டினார். நம்மாட்களுக்கு அது போதுமானதாயிருந்தது. திராவிடர்களின் பூர்வீகம் பற்றிய மேடைகளில் நூபியா அடிக்கடி தலைகாட்டுகிறது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் தொன்மையை எண்ணக் கற்றுக்கொண்டு வந்தவன் நான். இந்த ருசி எனக்குத் தெரியும். அந்தப் பானை கிடைத்த ஊர்க்காரன் இப்போது எங்கே, அவன் பேசிய மொழி என்ன ஆனது என்று அதே மேடைகளில் யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை. மால்ரோவின் பாஷை நமக்கும் வருகிறது.

ஆனால் கல் ஒரு பக்கம், மனிதன் ஒரு பக்கம் என்று கோடு கிழித்து நிறுத்திவிட்டால் நூபியர்களையே நாம் குறைத்து மதிப்பிட்டவர்களாவோம். ஒரு விஷயம் இந்த வாய்ப்பாட்டுக்கு அடங்காமல் நிற்கிறது. நூபிய மொழிக்கு எட்டாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டுவரை எழுத்து இருந்தது: கிரேக்க–காப்டிக் எழுத்துகளோடு மெரோயிடிக்கிலிருந்து எடுத்த மூன்று எழுத்துகள். கிறித்தவ அரசுகள் சரிந்து எழுத்தும் மறைந்தது. அறுபதுகளின் மீட்பு அகழ்வுகளில், குறிப்பாகக் காசிர் இப்ரீம் கோட்டையில், பழைய நூபியக் கையெழுத்துப்படிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைத் தோண்டியவர்கள் இறந்த மொழி ஒன்றின் சான்றுகளாகத்தான் பார்த்தார்கள். நூபிய அறிஞர் முக்தார் கலீல் கப்பாரா அதை வேறுமாதிரி வாசித்தார். இது என் மொழியின் எழுத்து, இதிலேயே இன்றைய நோபீனையும் எழுதலாம் என்றார். 1997இல் அவர் இறந்த பிறகும் கெய்ரோவிலும் சூடானிலும் நூபியச் சங்கங்களில் சிறுசிறு வகுப்புகளாக அந்த எழுத்து பரவியது. 2005இல் யூனிகோடில் காப்டிக் தொகுதிக்குள் அதன் எழுத்துகள் ஏறின. ஆவணக்காப்பகம் எப்போதும் அதன் காவலர்களுக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பதில்லை.

இலக்கியத்தில் நிலைமை வேறு. முகம்மது கலீல் காசிமின் ‘அல்-ஷமந்தூரா’ 1968இல் வந்தது. முதல் நூபிய நாவல் என்று சொல்லப்படுவது, கம்யூனிஸ்டாகச் சிறையிலிருந்தபோது எழுதியது, 1933இன் மூழ்கடிப்பைப் பற்றியது. பிறகு ஹஜ்ஜாஜ் ஹசன் உத்தூல், இத்ரிஸ் அலி. எல்லாமே அரபியில். இத்ரிஸ் அலியின் ‘டோங்கொலா’ (1993) எகிப்திய இடதுசாரிகளையும் விட்டுவைக்காது, நூபிய ஆண்களையும் விட்டுவைக்காது. ஆண்டவன் மொழியில் எழுதியது நூபிய இலக்கியமாகுமா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. தலித் எழுத்தையும் ஈழத்தவர் புலம்பெயர் எழுத்தையும் ஒட்டி நாம் சண்டை போட்ட விவாதங்களோடு சேர்த்து வாசிக்க வேண்டியது அது. தனிக் கட்டுரைக்குரியது.

1973 அக்டோபர் போரில் எகிப்திய ராணுவம் நூபிய மொழியைச் சங்கேத மொழியாகப் பயன்படுத்தியதையும் சொல்லிவிட வேண்டும். எழுத்து வழக்கில் இல்லாத, எதிரிக்கு அகப்படாத மொழி என்று அந்த யோசனையைச் சொன்ன நூபியச் சிப்பாயை 2017இல் அரசு கௌரவித்தது. பள்ளிக்கூடத்தில் நுழைய முடியாத மொழிக்குப் பாசறையில் வேலை கிடைத்தது, அதுவும் யாருக்கும் புரியாது என்ற தகுதியில். 2017இன் இன்னொரு செய்தி: செப்டம்பரில், பக்ரீத் சமயத்தில், அஸ்வானில் தஃப் பறை தட்டி நூபியப் பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் திரும்பும் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களை அரசு கைது செய்தது. அவர்களில் ஒருவர் நவம்பரில் காவலிலேயே இறந்தார். அவர்கள் கேட்டது புதிதாக ஒன்றுமில்லை. 2014ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 236ஆம் பிரிவு, நூபியர்களைப் பத்தாண்டுக்குள் அவர்களது மூலப் பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவரும் திட்டங்களை அரசு நிறைவேற்றும் என்கிறது. அதே ஆண்டில் வந்த 444ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை, எல்லையோர நிலத்தை நூபியக் கிராமப் பகுதிகளோடு சேர்த்து ராணுவ மண்டலமாக்கியது. பத்தாண்டு 2024இல் முடிந்துவிட்டது. அஸ்வானில் யுனெஸ்கோ ஒத்துழைப்போடு 1997இல் திறந்த நூபியா அருங்காட்சியகத்தில் மட்டும் நூபியர்கள் பொம்மைகளாக, அந்தப் பழைய முற்றங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சூடானில் கதை வேறு திருப்பம் கண்டது. புதிய அணைகள் என்று அறிவிப்பு வந்ததும் ஆற்றோரக் கிராமங்கள் ஐம்பது வருட அனுபவத்தை வைத்து ஒன்றைக் கண்டுகொண்டன: முதலில் தொல்லியல்காரன் வருவான், பின்னாலேயே தண்ணீர் வரும். மெரோவே அணைப் பகுதியில் மனாசீர் மக்கள் (இவர்கள் அரபி பேசுபவர்கள்) 2007 வாக்கில் மீட்பு அகழ்வுக் குழுக்களை வெளியேறச் சொன்னார்கள். கற்களைக் காப்பாற்ற வந்தோம் என்று சொன்னவர்களிடம், நீங்கள் போனால்தான் எங்கள் நிலம் தப்பும் என்றார்கள். அணை எழும்பி 2009இல் திறப்பு விழாவும் நடந்தது. நூபியப் பகுதியான கஜ்பாரில் 2007 ஜூன் 13இல் அணைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தி நான்கு பேரைக் கொன்றார்கள். அந்த அணையை இதுவரை கட்டவில்லை. அறுபதுகளில் வாடி ஹல்ஃபாவை விட்டுப் போகமாட்டோமென்று நின்ற சில ஆயிரம் பேரும் இந்த மரபுக்காரர்கள்தாம். ஏரி ஏற ஏறக் குடிசையைப் பின்னே தள்ளிப் போட்டுக்கொண்டே போனார்கள். இன்று வாடி ஹல்ஃபா என்ற பெயரில் வரைபடத்தில் இருப்பது அவர்கள் போட்ட ஊர்.

மூழ்கும் நிலத்திலிருந்து பெயர்த்த புஹேன், செம்னா, கும்மா கோயில்களும் ஃபராஸ் ஓவியங்களில் ஒரு பாதியும் கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தன. 2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் மூண்ட போரில் அந்தக் கட்டடம் சண்டைக்களத்துக்குள் சிக்கிக்கொண்டது. 2025 மார்ச்சில் நகரம் மறுபடி ராணுவத்தின் கைக்கு வந்தபோது சேமிப்பறைகளைக் கொள்ளையடித்துக் காலி செய்திருந்தார்கள். தூக்கிக்கொண்டு போக முடியாத கோயில்கள் தோட்டத்தில் நின்றன. அந்தப் போரில் கார்ட்டூமிலிருந்து தப்பி ஓடிவந்த ஜனத்துக்கு எகிப்து எல்லைக்கு முந்தைய கடைசி ஊராக இருந்தது வாடி ஹல்ஃபா. பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம்.